கண்ணை விட்டுத் தோலை உரிக்கச் சொல்லலாமா?

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுடுங்க சார், மத்தபடி தோலை உரிச்சுப் போடுங்க!"

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நம்மில் எத்தனை பேர் இந்த வார்த்தையை வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்! கோலியனூர் வட்டாரத்தில் கரும்பு வெட்டுகிறவர் சொல்லியிருக்கிறார். புதுச்சேரி ஆலையில் நூல் நூற்றவர் சொல்லியிருக்கிறார். நம்மைச் சேர்க்கும்போது நம் அப்பன் சொன்னான். அவனைச் சேர்க்கும் பாக்கியம் கிடைத்திருந்தால் அவன் அப்பனும் சொல்லியிருப்பான்.

ஆலையில் இப்படி ஓர் உத்தரவு பிறந்திருந்தால்? "வேலை செய்யக் கை இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்துப் போடு" என்று முதலாளி மேஸ்திரிக்குச் சொல்லியிருந்தால்? அன்று சாயங்காலமே ஆலை வாசலில் செங்கொடி ஏறியிருக்கும். ஒரு கதிர் சுழன்றிருக்காது. நம் முதுகில் விழக்கூடாது என்று நாம் போராடித் தடுத்த அடியை, நம் பிள்ளை முதுகில் போடச் சொல்லி நாமே அனுமதி கொடுத்துவிட்டு வருகிறோம். தோழர்களே, இது என்ன நியாயம்?

இதை இப்போது எடுத்துப் பேசக் காரணம் இருக்கிறது. "பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டார்கள், பிரம்பைத் திருப்பிக் கொடு, அடங்காதவனை வெளியே தள்ளு" என்ற கூப்பாடு நாட்டில் அடிக்கடி எழும்பிக் கொண்டேயிருக்கிறது. பெரிய மனிதர்கள் எழுப்புகிறார்கள். நம்மவர்களும் தலையாட்டுகிறார்கள்.

2022 ஏப்ரலில் வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளிலிருந்து சில படங்கள் கைபேசிக்குக் கைபேசி பரவின. ஓரிடத்தில் மாணவர்கள் பெஞ்சு, மேசைகளைப் போட்டு உடைக்கிறார்கள். இன்னோரிடத்தில் ஒரு மாணவன் ஆசிரியரை அடிக்கப் பாய்கிறான். பார்த்தவர்கள் பதறினார்கள்; பதறியதில் தப்பில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் அன்றைய பள்ளிக்கல்வி அமைச்சர் அறிவித்தார்: ஆசிரியரிடம் ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள்; நீக்கிய காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும்.

அதாவது, பையன் நெற்றியில் சூடு போட்டு அனுப்புவார்களாம்! அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எந்தப் பள்ளிக்குப் போவான்? எந்த ஐ.டி.ஐ. அவனைச் சேர்த்துக்கொள்ளும்? பண்ணையார் வீட்டுப் பிள்ளை மேசையை உடைத்தால், அப்பா மேசைக்குப் பணம் கட்டிவிட்டு மறுநாளே வேறு பள்ளியில் நன்கொடை கொடுத்து இடம் வாங்குவார். கூலிக்காரன் பிள்ளைக்கு அரசுப் பள்ளியை விட்டால் சூளைதான், கரும்புத் தோட்டம்தான். ஆளையே குற்றவாளி என்று பதிவு செய்து முத்திரை குத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911ல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஜனங்கள் ரத்தம் சிந்தி, 1947ல் இங்கே அது ஒழிந்தது. அந்தப் புத்தியை மாற்றுச் சான்றிதழ் வழியாக உள்ளே விட்டால் நாம் சும்மா இருக்க முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 16வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019ல் மத்திய சர்க்கார் இந்தப் பிரிவில் கை வைத்து, 5, 8 வகுப்புகளில் பெயிலாக்கலாம் என்று கதவைத் திறந்தது. அப்போதும் வெளியேற்றும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. 17வது பிரிவு, உடலை வருத்தும் தண்டனையும் கூடாது, மனதை நோகடிக்கும் தொல்லையும் கூடாது என்கிறது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் அடிக்கும் அதிகாரம் 2003லேயே பறிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம், பள்ளிகளில் அடியை ஒழிக்கும் வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்தும்படி கல்வித் துறைக்கு உத்தரவிட்டது. இத்தனை இருந்தும் பிரம்பு போய்விட்டதா? உங்கள் வீட்டுப் பிள்ளையையே கேட்டுப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் வெளியேற்றத் தடையென்ற குடையும் இல்லை. மீசை அரும்பும் வயதில், எந்த நேரம் ஆள் துணை அதிகம் வேண்டுமோ அந்த நேரத்தில், சட்டம் கையை விட்டுவிடுகிறது.

சண்டி மாடும் அறுந்த இழையும்

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னவன் மாடு மேய்த்தவனாக இருக்க முடியாது. ஏர் பிடித்த தோழர்களுக்குத் தெரியும்: நேற்றுவரை உழுத மாடு இன்று நுகத்தடியில் கழுத்தைக் கொடுக்காமல் படுத்துக்கொண்டால், விவரம் தெரிந்த உழவன் முதலில் தார்க்கோலைத் தேட மாட்டான். கழுத்தைத் தடவிப் பார்ப்பான், புண் இருக்கிறதா என்று. காலைத் தூக்கிப் பார்ப்பான், லாடம் கழன்றதா, முள் ஏறியதா என்று. தண்ணீர் காட்டினோமா, ஜோடி மாடு உயரம் ஒத்து வருகிறதா என்று யோசிப்பான். இத்தனையும் பார்த்த பிறகுதான் "இது சண்டி மாடு" என்பான்.

ஆலையிலும் அப்படித்தானே? நூல் இழை அறுந்துகொண்டே இருந்தால் நூலைத் திட்டிப் பயனில்லை. பஞ்சுக் கலவையில் கோளாறா, கதிர் ஆடுகிறதா, உருளை தேய்ந்ததா, ஷெட்டில் ஈரப்பதம் குறைந்ததா என்று பார்க்கிறோம். எந்த ஷிப்டில் அறுகிறது, எந்த மிஷினில் அறுகிறது என்று குறித்து வைக்கிறோம். காரணம் அகப்பட்டால் இழை ஓடுகிறது.

மாட்டுக்கும் நூலுக்கும் காட்டும் இந்தப் பொறுமையைப் பிள்ளைக்கு மட்டும் காட்டக் கூடாதா?

நாமே இந்த அநியாயத்தை அனுபவித்தவர்கள். தொழிலாளி மிஷினை நிறுத்தினால் நிர்வாகம் என்ன எழுதும்? "ஒழுங்கீனம்". ஏன் நிறுத்தினான் என்று எழுதாது. 1936 ஜூலை 30ல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு சர்க்கார் துப்பாக்கியைத் திருப்பியது; 12 தோழர்கள் மாண்டார்கள். ஆளவந்தார் கண்ணுக்கு அது கலகம். ஆனால் விடிந்தது முதல் அடைந்தது வரை வேலை, வயிற்றுக்குப் போதாத கூலி என்று காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத் தீர்க்கத் தொடங்கியபோதுதான், 1937ல், 8 மணி நேர வேலை பிரெஞ்சு புதுச்சேரியில் சட்டமாயிற்று. நடத்தைக்குப் பின்னால் காரணம் உண்டு என்பதை நம்மைவிட அதிக விலை கொடுத்துக் கற்றவர் யார்?

காரணம் தேடும் விசாரணை

உழவன் மாட்டிடம் செய்வதைப் பிள்ளைகளிடம் செய்ய ஒரு முறையையே படித்தவர்கள் வகுத்திருக்கிறார்கள். அதற்கு 'ஃபங்ஷனல் பிஹேவியர் அசெஸ்மென்ட்' என்று முழ நீளப் பெயர். நாம் 'காரணம் தேடும் விசாரணை' என்று வைத்துக்கொள்வோம். பெயர்தான் நீளம், விஷயம் சின்னது. பிள்ளை ஒரு குறும்பு செய்தால் மூன்றை எழுது: செய்வதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? பிள்ளை சரியாக என்ன செய்தான்? செய்த உடனே அவனுக்கு என்ன கிடைத்தது, அல்லது எதிலிருந்து தப்பினான்? 1968ல் அமெரிக்காவில் பிஜூ என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இப்படி மூன்று பத்தி போட்டு எழுதும் வழக்கத்தை வகுத்துச் சொன்னார்கள். "திமிர் பிடித்தவன்", "உருப்படாதவன்" என்று எழுத அதில் இடமே கிடையாது. கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும்.

1982ல் அதே நாட்டில் இவாட்டா என்பவரும் தோழர்களும், வளர்ச்சிக் குறைபாட்டால் தங்களைத் தாங்களே அடித்தும் கடித்தும் காயப்படுத்திக்கொண்ட 9 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே செய்கை. காரணமோ பிள்ளைக்குப் பிள்ளை வேறு. ஒரு பிள்ளை, பெரியவர்கள் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. இன்னொன்று, கொடுத்த வேலையிலிருந்து தப்பிக்கச் செய்தது. யாருமே இல்லாத அறையிலும் செய்த பிள்ளைகளும் உண்டு. எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? பார்வைக்கு ஏங்கும் பிள்ளையைக் கத்தித் திட்டினால், அவன் கேட்டது கிடைத்துவிட்டது. வேலையிலிருந்து தப்ப நினைக்கும் பிள்ளையை வெளியே நிறுத்தினால், அவனுக்கு லாபம். தண்டனை என்று நாம் நினைப்பது அவனுக்குப் போனஸ்!

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு பையனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட எவனும் அல்ல. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலரைச் சேர்த்துப் பிடித்த பொம்மை. ஏழாம் வகுப்பு. கணக்குப் பாடம் வந்தால் பெஞ்சைத் தட்டுவான், பக்கத்துப் பையன் நோட்டைக் கிழிப்பான், கேட்டால் எதிர்த்துப் பேசுவான். வாத்தியார் "வெளியே போடா" என்பார். வேப்பமரத்தடியில் போய் உட்காருவான். மறுநாளும் இதே கூத்து. மூன்றாம் மாதம் அப்பனுக்கு ஆள் வரும். அப்பன் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் பையனை நாலு சாத்து சாத்திவிட்டுப் போவான்.

பத்து நாள் ஒரு நோட்டுப் போட்டு எழுதியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? விளையாட்டு நேரத்தில் இவன் ஒழுங்கு. தமிழ் வாத்தியார் கதை சொன்னால் வாய் பிளந்து கேட்கிறான். கணக்கிலும் எல்லா நேரமும் அல்ல. "எழுந்து வந்து போர்டில் போடு" என்று கூப்பிடப்போகும் நேரத்தில்தான் பெஞ்சு அதிர்கிறது. ஏன்? பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனான். மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் கழியும்வரை, கோடை முடியும்வரை அங்கேதான் கல் திருப்பிப் போட்டான். நாலாவதிலும் போனான், ஐந்தாவதிலும் போனான். வகுத்தல் கணக்கு நடந்தபோது அவன் வகுப்பில் இல்லை. இன்று பின்னக் கணக்கு நடக்கிறது. 35 பேர் முன்னால் "தெரியாது" என்று நிற்பதைவிட "போக்கிரி" என்று பெயர் வாங்குவது அவனுக்குக் கௌரவம். அந்தப் பெயரைச் சம்பாதித்துத்தான் வேப்பமர நிழலை வாங்குகிறான்.

இப்போது சொல்லுங்கள், இவனை வெளியே அனுப்பியது தண்டனையா, கூலியா?

1985ல் கார், டியூரண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வகுப்பில் ரகளை செய்த 4 பிள்ளைகளிடம் ஒரு காரியம் செய்தார்கள். கஷ்டமான வேலை கொடுத்ததும் ரகளை செய்யும் பிள்ளைக்கு ஒரு சின்ன வாக்கியம் கற்றுக் கொடுத்தார்கள்: "எனக்குப் புரியவில்லை." சொன்னதும் வாத்தியார் வந்து உதவினார். பாராட்டுக்கு ஏங்கும் பிள்ளைக்கு "நான் சரியாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுக் கொடுத்தார்கள். ரகளை வெகுவாகக் குறைந்தது. இந்த ஒரு செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படித்தோம். நம் பள்ளிகளில் "புரியலை சார்" என்று சொன்ன பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? "இத்தனை நேரம் எங்கே மேய்ந்தாய்?" என்ற கேள்வி கிடைக்கிறது. உன் அப்பன் தொழிலைச் சொல்லி ஒரு குத்தல் கிடைக்கிறது. வாயால் சொல்ல வழியில்லாதபோது பிள்ளை பெஞ்சால் சொல்கிறான்.

எல்லாப் பிள்ளைக்கும் கணக்குதான் காரணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கூப்பிட்டால் திரும்பாத பையனுக்குத் திமிர் இல்லாமல் காதில் சீழ் இருக்கலாம். எழுத்தைத் தலைகீழாக எழுதும் பெண்ணுக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. பத்து மணிக்கே எரிந்து விழும் பெண், விடியலுக்கு முன் எழுந்து தம்பிக்குக் கஞ்சி வைத்துவிட்டு, தான் வெறும் வயிற்றோடு வந்திருக்கலாம். 2022 செப்டம்பரில் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல காரியம், வரவேற்றோம். ஆனால் அது 1 முதல் 5 வகுப்பு வரை என்று கோடு போட்டுத்தான் வந்தது. ஆறாம் வகுப்புக்குப் போனால் காலையில் பசிக்காது என்று எந்த வைத்தியர் சொன்னார்? வயிற்றைப் பட்டினி போட்டுவிட்டு ஒழுக்கத்தைப் பற்றி உபதேசம் செய்வது பம்மாத்து அல்லாமல் வேறென்ன?

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து இருளர் குடியிருப்புகளைப் பாருங்கள். பேராசிரியர் கல்யாணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் 1990களிலிருந்து எதற்காகப் போராடி வருகிறார்கள்? சாதிச் சான்றிதழுக்காக, சூளைக் கொத்தடிமை விடுதலைக்காக, பொய் வழக்கிலிருந்து பாதுகாப்புக்காக. கொத்தடிமையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. போலீஸ் ஜீப் சத்தம் கேட்டாலே ஓடி ஒளிந்து வளர்ந்த பிள்ளை, காக்கிப் பேண்ட் போட்ட வாத்தியார் குரலை உயர்த்தினால் சுவர் ஏறிக் குதித்து ஓடாமல் என்ன செய்யும்? பதிவேட்டில் எழுதுவதோ "அடிக்கடி ஓடுபவன்".

எங்கே இந்த முறையோடு சண்டை போடுகிறோம்

அமெரிக்க முறை என்பதற்காக வாயைப் பிளந்து கும்பிட நாம் தயாரில்லை. அந்த நாட்டில் 1997ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது: குறைபாடுள்ள மாணவனை 10 நாளுக்குமேல் விலக்கி வைப்பதானால் இந்த விசாரணையைச் செய்ய வேண்டும் என்று. பெற்றோர்கள் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுப் படியேறிப் போராடிய பிறகுதான் அதுவும் வந்தது. ஆனாலும் 2011-12 கல்வியாண்டில் அங்கே கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளைப் போல் மூன்று மடங்கு விகிதத்தில் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார்கள் என்று அந்த சர்க்காரின் கல்வித் துறையே கணக்குக் காட்டியது. விசாரணைப் படிவம் இருந்தும் ஏன் இப்படி? படிவத்தை நிரப்புகிற கை யாருடையது என்பதுதான் விஷயம்.

இன்னொன்று. "சற்று முன்னால் என்ன நடந்தது" என்ற பத்தியை அவர்கள் பெரும்பாலும் வகுப்பறைக் கதவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐந்து நிமிஷத்துக்கு முன் வாத்தியார் என்ன சொன்னார் என்பது எழுதப்படும். ஐந்து மாதத்துக்கு முன் சூளை முதலாளி என்ன சொன்னான் என்பது எழுதப்படாது. நட்சத்திர ஒட்டு, மிட்டாய், புள்ளி கொடுத்துப் பிள்ளையை உட்கார வைக்கும் வித்தையும் அவர்களிடம் உண்டு. ஆலையில் 'உற்பத்திக்கு ஊக்கத் தொகை' என்று காட்டி வேகத்தைக் கூட்டுவார்களே, அதன் சாயல் அதில் அடிப்பதை மறுக்க முடியாது. கருவியை எடுத்துக்கொள்வோம், ஆனால் அந்தப் பத்தியை நாம் நீட்டி எழுதுவோம், குடிசை வரை, கூலி வரை, சாதி வரை.

சாதி வரை என்றோம். கோலியனூரை அடுத்த மேல்பாதியில் 2023 ஏப்ரலில் கோயிலுக்குள் போன தலித் இளைஞர் தாக்கப்பட்டார். ஜூனில் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைத்தார்கள். ஊர் இரண்டாகப் பிளந்து நிற்கும்போது இரு பக்கத்துப் பிள்ளைகளும் காலையில் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். "சின்னச் சண்டை, பிள்ளைகள் சமாச்சாரம்" என்று எழுதி மூடிவிட முடியுமா?

அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். காரணம் தேடுவது வேறு, மன்னிப்பது வேறு. வெட்டுப்பட்ட பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. வெட்டியவனுக்குச் சட்டப்படி நடவடிக்கை உண்டு. ஆனால் அந்தப் பையன் கையில் அரிவாளைக் கொடுத்தது எது, பள்ளியில் சாதிக் கயிறு கட்டியபோது பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று கேட்காவிட்டால், அடுத்த அரிவாள் தீட்டப்படும். நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், 500 மாணவர்களுக்கு மேலுள்ள பள்ளிகளில் நலன் பார்க்கத் தனி அதிகாரி வேண்டும் என்றது. சரியான யோசனை. 500க்குக் குறைந்த கிராமப் பள்ளிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

ஆசிரியரும் தொழிலாளிதான்

"எல்லாம் சரி, அடி வாங்குகிறது ஆசிரியர் அல்லவா?" என்று ஆசிரியத் தோழர்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 2012 பிப்ரவரியில் சென்னையில் 15 வயது மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். இந்த பயம் கற்பனையல்ல. ஆனால் அந்தச் சாவுக்குப் பிறகு சர்க்கார் என்ன செய்தது? மாவட்டம் விட்டு மாவட்டம் சுற்றும் உளவியல் ஆலோசனை வண்டிகளை 2013ல் விட்டது. ஒரு வண்டிக்குப் பல மாவட்டங்கள். நம் கிராமத்துப் பள்ளிக்கு அது வந்து போவதற்குள் பையன் பத்தாம் வகுப்பை முடித்திருப்பான்!

பத்து நாள் நோட்டுப் போட்டு எழுது என்கிறோம். யார் எழுதுவது? சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். ஐந்து வகுப்பை இரண்டு பேர் மேய்க்க வேண்டும். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர். அவர் நோட்டு எழுதுவாரா, பிள்ளைகளைப் பிடிப்பாரா? கை ஓங்குகிற வாத்தியார் பலர் கெட்டவர்கள் அல்ல. ஆள் குறைந்த மிஷினில் நிறுத்தப்பட்ட தொழிலாளிகள். விளையாட்டும் ஓவியமும் சொல்லிக் கொடுக்க 2012ல் 16,549 பேரை எடுத்தார்கள். எப்படி? பகுதி நேரமாக, மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரை நாள். எந்தப் பாடத்தில் நம் 'போக்கிரிப்' பையன் ஒழுங்காக இருக்கிறானோ, அந்தப் பாடத்துக்குத்தான் இந்தக் கதி.

குறைபாடுள்ள பிள்ளைகளைக் கவனிக்கச் சிறப்பாசிரியர் விஷயமும் அப்படியே. 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், தொடக்க நிலையில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்குமேல் 15 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. இங்கே அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றியம் முழுவதும் பஸ் ஏறி இறங்குகிறார்கள். அந்தச் சம்பளமும் எந்தப் பணத்திலிருந்து வருகிறதோ, அந்த சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25ல் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, 'பி.எம். ஸ்ரீ' ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. பிள்ளைகளைப் பிணையாக வைத்துப் பேரம் பேசிய இந்த நடத்தைக்கு எந்தச் சான்றிதழில் காரணம் எழுதுவது?

ஆகவே ஆசிரியரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவதில் பயனில்லை. அவருக்கு ஆள் கேட்டு, அவரோடு சேர்ந்து நிற்க வேண்டும். அதே சமயம் பிரம்பை அவர் கையிலிருந்து வாங்கியே தீர வேண்டும். இரண்டும் ஒரே போராட்டம்தான்.

நாம் செய்ய வேண்டியது என்ன? கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வைக்கச் சொல்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அது நம்முடைய சங்கம் மாதிரி. நாம் போகாததால்தான் அது டீயும் பிஸ்கோத்துமாக முடிகிறது. கோலியனூர் புத்துவாயம்மன் தேருக்கு வருகிற கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு அந்தக் கூட்டத்துக்கு வந்தால் போதும், பல காரியம் நடக்கும். தேருக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கும் போங்கள்.

அங்கே போய்க் கேளுங்கள். வெளியே நிறுத்தப்படுகிற பிள்ளைகள் யார் யார், எந்தப் பாடத்தில், எத்தனை முறை? நீக்க வேண்டும் என்று பேச்சு வந்த பிள்ளைக்குப் பத்து நாள் நோட்டு போடப்பட்டதா? காதும் கண்ணும் சோதிக்கப்பட்டனவா? சூளைக்குப் போய் வந்த பிள்ளைக்கு விட்ட பாடத்தை யார் சொல்லிக் கொடுத்தது? 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைத்தார்கள். விட்ட பாடத்தைத் திண்ணையில் சொல்லிக் கொடுக்க முடியும் என்று அப்போது மேடையில் பேசினார்கள். சூளைப் பிள்ளைக்கும் அதே திண்ணையைக் கேட்போம். ஆறாம் வகுப்புக்கு மேலும் காலை உணவு வேண்டும் என்று தீர்மானம் போட்டு மாவட்டக் கலெக்டருக்கு அனுப்புவோம். படித்த இளைஞர்கள் ஊரில் இருக்கிறார்கள். நோட்டுப் போட வாத்தியாருக்கு நேரமில்லை என்றால், தலைமையாசிரியர் அனுமதியோடு ஒரு வாரம் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் எழுதட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. ஆள் வந்து பள்ளிக்குக் கூப்பிட்டால், போகிற போக்கில் பெல்ட்டை உருவாதீர்கள். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எப்ப நடந்துச்சு? அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். முதல் நாள் வாயைத் திறக்க மாட்டான். நாலாம் நாள் திறப்பான். பிறகு பள்ளிக்குப் போங்கள், தனியாக அல்ல, இன்னும் இரண்டு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு. "நிரந்தரமாக நீக்குகிறோம், கையெழுத்துப் போடு" என்று காகிதத்தை நீட்டினால், அந்த நோட்டு எங்கே என்று கேளுங்கள். நோட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு உட்பட்ட பிள்ளையென்றால் 16வது பிரிவைச் சொல்லுங்கள். பிள்ளையை அடித்திருந்தால் 1098 என்ற எண்ணிலும், கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். எழுத்தில் மனு வேண்டுமென்றால், வேலை முடிந்து சங்க ஆபீசுக்கு வாருங்கள். எழுதிக் கொடுக்கத் தோழர்கள் இருக்கிறார்கள்.